நாவல் வரிசையும் தனி நாவலும்

ஒரே கதைமாந்தரோ ஒரே கதைக்களமோ ஒன்றுக்கு மேற்பட்ட நூல்களில் தொடர்ந்து வருமாறு எழுதப்படுவது நாவல் வரிசை. ஒரு நூலில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவது தனி நாவல். தமிழில் நாவல் வரிசையைப் பத்திரிகைத் தொடர்கதையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். தொடர்கதை ஒரு வெளியீட்டு முறை மட்டுமே. வாராவாரம் வந்த கதையும் தனி நாவலாக இருக்கலாம். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் தொடராக வந்த தனி நாவல். வரிசை வாசகரை ஈர்ப்பது பழகிய மனிதர்களை மறுபடி சந்திக்க வைப்பதால். தனி நாவல் ஈர்ப்பது முடிவு என்ற ஒன்றைத் தருவதால். இந்த இரண்டு விருப்பங்களும் ஒரே வாசகரிடம் இருப்பவை. தமிழில் நிலைத்து நின்ற வரிசைகளைப் பார்த்தால், பழகிய முகங்களைத் திரும்பக் காட்டியபோதும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான முடிவைக் கொடுத்தவையே அவை என்பது தெரியும்.

தோற்றம்

நாவலுக்கு வெகு காலம் முன்பே தமிழில் இதற்கு முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தின் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளே மணிமேகலையின் தலைவி. ஆசிரியர் வேறு, சமயப் பார்வை வேறு. ஆனாலும் இரண்டும் இரட்டைக் காப்பியங்கள் என்றே வழங்குகின்றன. முதல் காப்பியத்தைப் படிக்காதவருக்கும் மணிமேகலை விளங்கும். படித்தவருக்குக் கூடுதலாக விளங்கும். உரைநடை நாவல் தனி நூலாகவே பிறந்தது. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தன்னளவில் முடிந்த கதை. விவேக சிந்தாமணியில் தொடராக வந்து 1896இல் நூலான பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’மும் அப்படியே. அ. மாதவையாதான் பாகங்களாக எழுதத் துணிந்தார். ‘பத்மாவதி சரித்திர’த்தின் முதலிரண்டு பாகங்கள் 1898, 1899 ஆண்டுகளில் வந்தன. பல ஆண்டுகள் கழித்து எழுதத் தொடங்கிய மூன்றாம் பாகம் 1925இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. அதனால் அந்த நாவலின் பெயர் குறையவில்லை. காரணம், முன்னிரண்டு பாகங்களே ஒரு முழுக் கதையாக அமைந்துவிட்டன.

துப்பறியும் நாயகர்கள்

மீண்டும் மீண்டும் வரும் நாயகன் தமிழில் வேரூன்றியது துப்பறியும் கதையில். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வாசகருக்குப் பழகிய பெயர்கள். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் படைத்த சாம்பு, திறமையே இல்லாமல் அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கி இந்த மரபைக் கேலிக்கு உள்ளாக்கினார். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்க் கோப்பையும் கையுமாக நாடு நாடாகச் சுற்றினார். 1968இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ வழக்கறிஞர் கணேஷை அறிமுகம் செய்தது. பின்னர் உதவியாளராக வசந்த் வந்து சேர, அந்த இணை எழுத்தாளரின் பெயருக்கு ஈடாகப் புகழ்பெற்றது. 1980களில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளை நிறைத்தபோது ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று இணைகள் பெருகின.

இவை எல்லாம் வியாபாரத்துக்காகப் பிறந்தவை, ஆகவே வரிசை என்பதே வணிக உத்தி என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மைதான். தெரிந்த பெயர் அட்டையில் இருந்தால் புதிய நூலை வாங்குபவருக்குத் தயக்கம் குறைகிறது. பதிப்பாளருக்கு அது லாபம். ஆனால் இந்தக் கதைகளின் அமைப்பு வேறொன்றைச் சொல்கிறது. எந்தச் சங்கர்லால் கதையையும் முதலில் எடுத்துப் படிக்கலாம். குற்றம் அதே நூலில் துலங்கிவிடும். அடுத்ததை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வாசகருக்கு இல்லை. ‘கொலையுதிர் கால’த்தில் நடந்தது அறிவியலா, ஆவியா என்ற ஐயத்தை சுஜாதா கடைசிவரை தீர்க்காமல் விடுகிறார், அந்த ஐயமே அந்நூலின் முடிவு, வேறு நூலில் அதற்கு விடை தேட வேண்டியதில்லை. இந்த வகைக்கு உண்மையான குறை வேறு: கணேஷுக்கு வயது ஏறுவதில்லை, பட்ட அடி அடுத்த கதைக்குத் தொடர்வதில்லை. பழக்கத்தின் இதத்துக்கு இந்த வரிசைகள் கொடுத்த விலை அது.

சரித்திர நாவல்களின் பாகங்கள்

மாந்தருக்கு வயது ஏறாத இந்தக் குறையைக் கல்கி வரலாற்றின் துணையோடு தாண்டினார். 1941-42இல் எழுதிய ‘பார்த்திபன் கனவி’ல் முதிர்ந்த அரசராக வரும் நரசிம்மவர்மரின் இளமையை, 1944-46இல் எழுதிய ‘சிவகாமியின் சபத’த்தில் சொன்னார். பிந்திய காலத்துக் கதை முதலில், முந்திய காலத்துக் கதை பிறகு. எதை முதலில் படித்தாலும் இடறாது. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு நூலுக்கும் முடிவு வேண்டும் என்பதற்கு இதையே மறுப்பாகச் சொல்லலாம்: ஐந்தில் எந்தப் பாகமும் தனியே நிற்காது, ஆயினும் தமிழில் இதைவிட விரும்பிப் படிக்கப்பட்ட நாவல் அரிது. ஆனால் பொன்னியின் செல்வன் வரிசை அல்ல. அளவு கருதிப் பிரித்த ஒரே நாவல். வாசகர்களும் அப்படித்தான் கொண்டார்கள். மணியத்தின் ஓவியங்களோடு இதழ்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வீட்டில் வைத்தார்கள். கதை முடிந்தபோது, மாந்தர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற வாசகர் கேள்விகளுக்குக் கல்கி தம் முடிவுரையில் விடை சொல்ல நேர்ந்தது. பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அக்கதையைத் தொடர்ந்தார். இன்றும் மூலத்தைப் படித்த பலர் அந்தத் தொடர்ச்சியைத் தேடுவதில்லை. மேலும் வேண்டும் என்று கேட்பதும் வந்தால் படிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இலக்கிய நாவலில் தொடர்ச்சி

வரிசை பொழுதுபோக்குக்கு, தனி நாவல் இலக்கியத்துக்கு என்ற பாகுபாடும் தமிழில் நிற்கவில்லை. ஜெயகாந்தன் 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். கதை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற இடத்திலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. அதன் தொடர்ச்சியாக ‘கங்கை எங்கே போகிறாள்’ வந்தது. கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ (1976) எழுதியபின் அதே மண்ணுக்குத் திரும்பி ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991ஆம் ஆண்டுக்கான அகாதமி விருதைப் பெற்றது. பெருமாள்முருகன் ‘மாதொருபாக’னுக்கு (2010) ஒன்றல்ல, இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். ‘ஆலவாய’னில் நாயகன் காளி இறந்துவிடுகிறான், ‘அர்த்தநாரி’யில் பிழைத்திருக்கிறான். முதல் நாவல் திறந்துவிட்ட இரு வழிகளிலும் நடந்து பார்த்தவை இவை.

பாத்திரங்களுக்கு வயதும் வடுவும் ஏறுவதால், துப்பறியும் வரிசையால் முடியாததை இத்தொடர்ச்சிகள் செய்கின்றன. எழுதி முடித்த முடிவையே மறுபடி விசாரணைக்கு எடுப்பதுதான் இவற்றின் பொதுக் குணம். ஜெயகாந்தன் தம் சிறுகதையின் முடிவையே மாற்றினார். பெருமாள்முருகன் ஒரு முடிவுக்கு இரண்டு விளைவுகளைக் கொடுத்தார். முடிவு என்ற ஒன்று முதலில் எழுதப்பட்டிருந்தால்தான் இது கூடும். முடிக்காமல் இழுத்துக்கொண்டு போகும் கதையில் மறுவிசாரணைக்கு எடுக்க எதுவும் இருக்காது.

இக்காலம்

2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை ஜெயமோகன் இணையத்தில் நாள்தோறும் எழுதிய ‘வெண்முரசு’ மகாபாரதத்தை 26 நாவல்களில் மறுபடைப்புச் செய்கிறது. இத்தனை பெரிய பரப்பை யார் படிப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு நாவலுக்கும் தனி மையமும் தனி வடிவமும் இருப்பதே அதற்கான பதில். முழு வரிசையை எடுக்கத் தயங்குபவரும் ஒன்றைத் தனியே படிக்க முடியும். கதையின் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பதும் ஆசிரியருக்கு வசதி: அடுத்து என்ன என்ற ஆவலை நம்பாமல் ஒவ்வொரு நூலையும் அதனதன் பொருளைக் கொண்டு முடிக்கலாம்.

மதிப்பீடு

வரிசையா தனி நாவலா என்ற கேள்வியில் ஒன்றைத் தாழ்த்தி மற்றதை உயர்த்தும் தீர்ப்புக்குத் தமிழ் வரலாறு இடம் தரவில்லை. வாராந்தரி, மாத நாவல், இணையம் என்று வெளியீட்டு வழிகள் மாறும்போதெல்லாம் வரிசை புதுவடிவில் திரும்பியிருக்கிறது. தனி நாவலும் குன்றவில்லை. ஒரு வரிசையை மதிப்பிட எளிய வழி, அதன் நடுவிலிருந்து ஒரு நூலை எடுத்துப் படிப்பது. அந்த நூல் தன் கதையைத் தானே முடித்தால் வரிசை நல்லது. அடுத்த நூலின் விளம்பரமாக மட்டும் நின்றால் அந்த வரிசையை வாங்க வேண்டியதில்லை.