சேர்வராயன் மலைக் காப்பியும் தொழிலாளரின் முதுகும்

1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார் என்பது, சேர்வராயன் மலையின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிக்கும் செய்தியாகும். ஆனால் அச்செடியை நட்டுப் பேணிய மலையாளிப் பழங்குடியினரும் சமவெளியிலிருந்து வந்த கூலித் தொழிலாளரும் தம் உடலால் என்ன விலை கொடுத்தனர் என்பதை அவ்வரலாறுகளில் தேடிக் காண்பது அரிது.

வேலையையும் கருவியையும் மனித உடலின் அளவுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப அமைப்பது எப்படி என ஆராயும் துறை பணிச்சூழலியல் எனப்படும். அப்பெயர் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே காப்பித் தோட்டத்தில் அதன் ஒரு கூறு நடைமுறையில் இருந்தது. தானே வளரவிட்டால் ஆளுயரத்தைத் தாண்டிவிடும் அராபிகா செடியின் நுனியைக் கிள்ளி ஏறத்தாழ ஐந்தடிக்குள் நிறுத்தும் கவாத்து முறை, செடியின் கட்டமைப்பைக் காப்பதோடு பறிப்பவரின் கைக்கும் எட்டச் செய்தது. எனினும் தாழ்ந்த கிளைகளில் காய்த்த பழங்களுக்காக, இடுப்பில் கட்டிய பை கனக்கக் கனக்க, சரிவில் ஒரு காலை மேலும் மறு காலைக் கீழும் ஊன்றிக் குனிய வேண்டியிருந்தது. பழங்கள் ஒரே நேரத்தில் பழுக்காமையால் அதே செடியிடம் பருவத்தில் பலமுறை திரும்ப வேண்டியிருந்ததும், தசை, மூட்டு, தசைநாண் ஆகியவற்றில் மெல்லச் சேரும் தேய்மானத்துக்கு இடமளித்தது.

பூச்சிகள் இச்சுமையைப் பெருக்கின. வெள்ளைத் தண்டுத்துளைப்பான் முட்டையிடாதிருக்கச் செடியின் அடித்தண்டிலுள்ள தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுக்கும் வேலை, குந்தியோ முதுகை வளைத்தோ செய்வதாகும். காய்த்துளைப்பான் இந்தியாவில் முதன்முதலாக 1990-இல் நீலகிரியின் கூடலூரில் கண்டறியப்பட்ட பின், அப்பூச்சி உதிர்ந்த பழத்தில் தங்கிப் பெருகுவதால், தரையில் கிடப்பதை ஒன்றுவிடாமல் பொறுக்குவது பயிர்ப்பாதுகாப்பின் கட்டாயப் பகுதியாயிற்று. வேளாண் நூல்கள் இதைத் தோட்டச் சுகாதாரம் என்கின்றன. பொறுக்குபவரின் சுகாதாரம் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை.

சட்டமும் இவ்வகையில் பாதி வழிதான் வந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வயதுவந்தோரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணிக்குள் வரையறுத்ததோடு, மருத்துவ வசதி, குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்கும் வகைசெய்தது. ஆயினும் தொடக்கத்தில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களையே தழுவியதால், சிறு தோட்டங்களில் உழைத்தோர் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை உச்சமாகக் குறித்ததுடன், பெண்களின் சுமை அதனினும் கணிசமாகக் குறைய வேண்டுமென்றது. மழைக்கும் குளிருக்கும் குடையும் கம்பளியும் வழங்கச் செய்ய இடமளித்த 1951-ஆம் ஆண்டுச் சட்டமோ, தொழிலாளர் தூக்கும் மூட்டைக்கு எடை வரம்பு எதையும் விதிக்கவில்லை.