சீட்டுக்குறி: கிளி ஜோதிடமும் சிலுவை விரிப்பும்

படம் தாங்கிய சீட்டுகளிலிருந்து ஒன்றையோ சிலவற்றையோ எடுத்து, கேட்பவரின் கேள்விக்குப் பலன் சொல்லும் முறை சீட்டுக்குறி. தமிழரிடையே இதன் பெயர்பெற்ற வடிவம் கிளி ஜோதிடம். மேலை நாடுகளில் பரவலானது டாரோ. அதில் தொடக்கநிலையினர் பழகும் அடுக்குமுறைகளில் ஒன்று எளிய சிலுவை விரிப்பு. இரண்டுக்கும் பிறந்த நேரமோ ஜாதகக் கட்டமோ வேண்டியதில்லை. மனத்தில் ஒரு கேள்வி இருந்தால் போதும்.

மலேசியத் தமிழரிடையே

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கோலா மூடா மாவட்டத்தின் பெரிய நகரம் சுங்கை பட்டாணி. அதைச் சூழ்ந்த பீடோங் முதலிய ஊர்களின் ரப்பர் தோட்டங்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்காணிகள் வழியாகத் தமிழகத்துத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். மாரியம்மன் வழிபாட்டோடு சாமியாடிக் குறி, பஞ்சாங்கம், நாள் நட்சத்திரம் பார்த்தல் ஆகியவையும் அவர்களோடு வந்தன. சீட்டுக்குறிக்கு நெருக்கமான சீதா சக்கரமும் பஞ்சாங்கத்திலேயே உண்டு: கண்ணை மூடிக்கொண்டு எண் கட்டம் ஒன்றைத் தொட்டால், அந்த எண்ணுக்குரிய பலன் கீழே அச்சாகியிருக்கும்.

கிளி ஜோதிடர்கள் மலேசியாவில் நகரங்களின் கடைத்தெருக்களிலேயே பெரிதும் அறியப்பட்டவர்கள். பினாங்கின் லிட்டில் இந்தியா, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆகிய இடங்களில், கடைவரிசைகளின் முன்னுள்ள அஞ்சடி எனும் நடைபாதையில் சிறு மேசையும் கூண்டுமாக அவர்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். கெடாவின் தென்பகுதித் தோட்ட மக்களுக்கு, சாமான் வாங்கவும் தைப்பூசத்துக்கும் போய்வரும் பினாங்கே அருகிலுள்ள பெருநகரம்.

கிளி எடுக்கும் சீட்டு

சீட்டுகள் பொதுவாக 27, நட்சத்திரத்துக்கு ஒன்று என்பது மரபு. ஒவ்வொன்றும் உறைக்குள் இருக்கும். உள்ளே முருகன், மகாலட்சுமி, சனீஸ்வரன் போன்ற தெய்வப் படங்கள். பல கட்டுகளில் புத்தரும் குழந்தை இயேசுவை ஏந்திய மாதாவும் இடம்பெறுவர். எந்தச் சமயத்தார் வந்து அமர்ந்தாலும் அவர்களுக்குரிய சீட்டு கட்டில் இருக்க வேண்டும் என்பதே காரணம்.

ஜோதிடர் கேட்பவரின் பெயரைச் சொல்லி, அவருக்கு ஒரு நல்ல சீட்டு எடுக்கும்படி கிளியிடம் சொல்வார். கூண்டின் கதவு உயர்ந்ததும் கிளி நடந்து வெளியே வரும். அலகால் உறைகளை ஒவ்வொன்றாகப் பற்றி இழுத்து ஒதுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் ஜோதிடர் கையில் தரும். ஒரு நெல்மணி கொடுத்ததும் தானே கூண்டுக்குள் திரும்பிவிடும். ஜோதிடர் உறையைப் பிரித்து, படத்தைக் காட்டிப் பலன் சொல்வார். நல்ல சீட்டென்றால் திருமணம், வேலை, வீடு கூடிவரும் என்பார். சனி முதலிய சீட்டென்றால் பரிகாரம் சொல்வார். கிளியின் செயல் தீனியைக் கொண்டு பழக்கிய பயிற்சி. குறியின் உயிர் ஜோதிடரின் பேச்சில் இருக்கிறது.

2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவைச் சேர்ந்த மணி என்ற கிளி உலகச் செய்தியானது. காலிறுதி ஆட்டங்கள் நான்கின் முடிவையும் அது சரியாகக் காட்டியதாகச் செய்திகள் வந்தன. இறுதி ஆட்டத்துக்கு அது எடுத்தது நெதர்லாந்து சீட்டை. 11 ஜூலை 2010 அன்று ஸ்பெயின் 1-0 என வென்றது.

டாரோவும் சிலுவை விரிப்பும்

டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் குறி பார்க்கும் சீட்டாக அது பெயர் பெற்றது. ஒரு கட்டில் 78 சீட்டுகள்: பெருஞ்சீட்டு 22, சிறுசீட்டு 56. இன்று மிகுதியாகப் புழங்கும் கட்டு, 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களைக் கொண்டது.

எளிய சிலுவை விரிப்பில் நான்கு அல்லது ஐந்து சீட்டுகள் போதும். பரவலான ஒரு முறையில் நடுவில் இன்றைய நிலை, இடப்பக்கம் கடந்தது, வலப்பக்கம் வருவது, மேலே நோக்கம், கீழே அடிப்படை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆஸ்வால்டு விர்த் பரப்பிய முறை வேறு. அதில் பெருஞ்சீட்டுகள் மட்டுமே பயன்படும். இடப்பக்கச் சீட்டு செயலுக்குச் சாதகம், வலப்பக்கம் பாதகம், மேலே இரண்டையும் எடைபோடும் சீட்டு, கீழே முடிவு. நான்கின் எண்களைக் கூட்டி, 22ஐத் தாண்டினால் இலக்கங்களை மீண்டும் கூட்டி, வரும் எண்ணின் சீட்டை நடுவில் வைப்பார்கள்.

சுங்கை பட்டாணியில் இருக்கும் ஒருவர், பினாங்குத் தொழிற்சாலை வேலைக்குப் போகலாமா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் 7, தேர்: கிளம்பும் துணிவு சாதகம். வலப்பக்கம் 12, தொங்கும் மனிதன்: காத்திருப்பும் இழப்பும் பாதகம். மேலே 14, நிதானம்: சம்பளத்தையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. கீழே 17, விண்மீன்: நம்பிக்கையான முடிவு. கூட்டினால் 50; இலக்கங்களைக் கூட்டினால் 5, சமயகுரு. விவரம் தெரிந்த பெரியவரிடம் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள் என்று பலன் முடியும்.

ஒப்பீடு

கிளிச் சீட்டு ஒரே அடியில் காலம் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லி, தெய்வத்தையும் பரிகாரத்தையும் நோக்கிக் கேட்பவரைத் திருப்புகிறது. விர்த்தின் சிலுவை விரிப்பு ஒரே கேள்வியைச் சாதகம், பாதகம், எடைபோடல், முடிவு என்று பிரித்து வைக்கிறது. சீட்டுகளில் நம்பிக்கை இல்லாதவருக்கும், குழம்பிய கேள்வியைக் கூறு கூறாகப் பார்க்க அந்த நான்கு இடங்கள் உதவும். இந்த விரிப்பின் மெய்யான பயன் இதுதான்.

திறனாய்வும் சட்டமும்

தற்செயலாக வரும் சீட்டுக்கும் ஒருவரின் எதிர்காலத்துக்கும் தொடர்பு இருப்பதற்கு அறிவியல் சான்று இல்லை. பலன் பொருந்துவதுபோல் தோன்றுவது ஏன் என்பதற்கு, அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் நடத்திய சோதனை விளக்கம் தருகிறது. தன் மாணவர் அனைவருக்கும் ஒரே குணவிவரத்தை, தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் 5க்குச் சராசரியாக 4க்கு மேல் மதிப்பெண் இட்டனர். ஆகவே மருத்துவம், கடன், திருமணம் போன்ற முடிவுகளைச் சீட்டிடம் ஒப்படைப்பதும், பரிகாரத்துக்கென்று பெரும்பணம் கொடுப்பதும் தவிர்க்க வேண்டியவை.

பறவையின் நிலையும் கவலைக்குரியது. பறந்துவிடாதபடி இறகு வெட்டப்பட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியைக் குறுகிய கூண்டில் கழிக்கும் கிளி, இயல்பில் கூட்டமாக வாழும் உயிரினம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று கிளிச் சீட்டுப் பார்த்துச் சொன்ன ஜோதிடரை வனத்துறை பிடித்தது, கிளிகளும் பறிமுதலாயின. அத்தேர்தலில் தங்கர் பச்சான் தோற்றார். தீபகற்ப மலேசியாவில் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை வைத்திருக்க, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும். படச்சீட்டுகளும் பலன் சொல்லும் பேச்சுக் கலையும் காப்பாற்றத் தக்க தமிழ்த் தெருமரபு. அதைத் தொடரக் கூண்டுக் கிளி தேவையில்லை, கேட்பவரே தம் கையால் சீட்டு எடுக்கலாம்.