64 ஜி.பி. பென்டிரைவ் நிஜமா, டூப்பா? வாங்கிய அன்றே 'டெஸ்ட்' பண்ணுங்க!

மரக்காணம்:
கல்யாண போட்டோ, பிள்ளைகளின் மார்க் ஷீட், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம் என எல்லாமே இப்போது பென்டிரைவில்தான் கிடக்கிறது. ஆனால் அடிமாட்டு விலைக்கு விற்கும் '64 ஜி.பி.' பென்டிரைவ் சிலவற்றின் உள்ளே இருப்பது வெறும் 8 ஜி.பி. சிப்.

உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பில் தில்லுமுல்லு செய்து, 64 என்று பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரும் அதை நம்பி அப்படியே காட்டும். முதல் 8 ஜி.பி. வரை ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் ஏற்றினால் பழசு அழியும், இல்லாவிட்டால் புதுசு பதியாது. பைல் பெயர் மட்டும் இருக்கும், திறந்தால் போட்டோ வராது. கல்யாணம் முடிஞ்ச பிறகு தெரிஞ்சு என்ன செய்ய?

இதைக் கண்டுபிடிக்க 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. காலி பென்டிரைவை முழுசாக நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, எத்தனை ஜி.பி. நிஜம் என்று சொல்லிவிடும். லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு 'எப்3'. நொடிக்கு 5 எம்.பி. எழுதும் மட்டமான டிரைவ் என்றால், 64 ஜி.பி. நிரம்பவே மூன்றரை மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

எழுதும் வேகம், படிக்கும் வேகம் இரண்டையும் அதுவே காட்டும். வேகம் குறைந்தால் உடனே பென்டிரைவைத் திட்ட வேண்டாம், சொருகிய போர்ட்டையும் பாருங்கள். குஜராத்தின் வதோதராவில் பிறந்த அஜய் பட், இன்டெல்லில் உருவாக்கியவர்களில் ஒருவரான யு.எஸ்.பி., 1996-ல் வந்தபோது அதன் அதிக வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் ஒன்றரை எம்.பி. 700 எம்.பி. சினிமா ஏற சுமார் 8 நிமிஷம். 2000-ல் வந்த 2.0 போர்ட்டில் கணக்குப்படி 60 எம்.பி., நிஜத்தில் 30 முதல் 40 கிடைத்தால் பெரிசு. 2008-ல் வந்த 3.0, அதைவிட 10 மடங்கு. பெரும்பாலும் உள்ளே நீல நிறம் இருக்கும். இருந்தாலும் டிரைவ் மட்டமென்றால் நீலத்தில் சொருகியும் பிரயோஜனம் இல்லை.

டெஸ்க்டாப்பில் பின்பக்க போர்ட் நேராக மதர்போர்டில் இருப்பது. முன்பக்கம் ஒயர் வழியாக வருகிறது. சந்தேகம் வந்தால் பின்னாடி சொருகிப் பாருங்கள்.

உப்பளக் காற்று அடிக்கும் ஊரில் இன்னொரு தலைவலி. உப்பு ஈரத்தை இழுக்கும், போர்ட்டுக்குள் இருக்கும் தகடு துருப்பிடிக்கும். 3.0-வுக்கு 9 தொடர்பு வேண்டும். அதில் கூடுதலாக உள்ள 5 சரியாகத் தொடாவிட்டால், 2.0 வேகத்திலேயே ஓடும். மூடி போட்டு, டப்பாவில் வைப்பது நல்லது.

பில் இல்லாமல் வாங்காதீங்க. டூப் என்று தெரிந்தால் டெஸ்ட் ரிசல்ட்டை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்கலாம். மாற்றித் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.