நெளிவுக் கோட்பாட்டில் குறைபாட்டின் இடம்: ஆய்லர் முதல் ஹட்சின்சன் வரை

மெல்லிய உலோகத் தூணை மேலிருந்து அமுக்கினால், நசுங்குவதற்கு முன்பே அது பக்கவாட்டில் நெளிந்துவிடும். எந்தச் சுமையில் நெளியும் என்று ஆய்லர் 1744இல் தந்த விடை, உலோகம் மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரைதான் செல்லும். குட்டையான தூண்கள் அந்த எல்லையைத் தாண்டிய பிறகே நெளிகின்றன. அவற்றுக்கு ஆய்லரின் வாய்பாடு மிகையான வலிமையைக் காட்டுகிறது.

1889இல் எங்கெஸ்ஸர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். யங் குணகம் இருந்த இடத்தில், தகைவு–திரிபு வளைகோட்டின் அப்போதைய சரிவை, அதாவது தொடுகோட்டுக் குணகத்தை, வைத்தார். யாசின்ஸ்கி மறுத்தார். தூண் வளையும்போது குவிந்த பக்கத்தில் அமுக்கம் தளர்கிறது; தளரும் உலோகம் பழைய மீட்சிக் குணகப்படியே நடக்கும் என்பது அவர் வாதம். எங்கெஸ்ஸர் அதை ஏற்றுத் தம் கணக்கைத் திருத்தினார். 1910இல் கார்மான் எஃகுத் தண்டுகளைச் சோதித்து, இந்த இரட்டைக் குணகக் கோட்பாட்டுக்கு உறுதியான வடிவம் கொடுத்தார். ஆனால் பின்னாளில் விமானங்களுக்கான அலுமினியக் கலவைத் தூண்களைச் சோதித்தபோது, முடிவுகள் கைவிடப்பட்ட தொடுகோட்டுச் சுமையையே ஒட்டி நின்றன.

இந்த முடிச்சை 1946–47இல் அவிழ்த்தவர் லாக்ஹீட் நிறுவனப் பொறியாளர் ஷான்லி. சுமை மாறாமல் நிற்கும்போதே தூண் வளையத் தொடங்கும் என்று அதுவரை எல்லோரும் கேள்வியின்றி ஏற்றிருந்தனர். சுமை ஏற ஏறக் கூடவே வளைந்தால், தொடக்கத்தில் எந்தப் பக்கமும் தளரவேண்டியதில்லை. எனவே வளைவு தொடுகோட்டுச் சுமையிலேயே தொடங்கும். அதற்குமேல் சுமை சற்றே உயரும், இரட்டைக் குணகச் சுமையை எட்டாது. அரை நூற்றாண்டுக் குழப்பம் ஓர் அனுமானத்தில் அடங்கியிருந்தது.

மெல்லிய தகடுகளில் சிக்கல் வேறு உருவெடுத்தது. சிலுவைக் குறுக்குவெட்டுள்ள தூண் அமுக்கத்தில் முறுக்கி நெளியும். மீட்சி எல்லையைத் தாண்டிய நெகிழ்நிலை உலோகத்துக்கு இயற்பியல்படி சரியானது, சுமையேற்றத்தின் ஒவ்வொரு படியிலும் திரிபைக் கூட்டிச் செல்லும் படிப்படிக் கோட்பாடு. அது மீட்சிநிலையின் விறைப்புக் குணகத்தையே தந்து, நெளிவுச் சுமையை மிகைப்படுத்தியது. ஏற்றிய வழியைக் கருதாத, இயற்பியல்படி பலவீனமான மொத்தத் திரிபுக் கோட்பாடோ சோதனையோடு பொருந்தியது. 1953இல் ஓனாட்டும் ட்ரக்கரும் தூணில் மிகமிகச் சிறிய தொடக்க முறுக்கு ஒன்றை வைத்துக் கணக்கிட்டனர். சரியான கோட்பாட்டின் உச்சச் சுமையும் சோதனை மதிப்பின் அருகே இறங்கியது. என் மதிப்பில் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதுவே. சோதனையாளர்கள் அகற்றப் பாடுபட்ட கோணலைக் கணக்கில் சேர்த்த பிறகே கோட்பாடு உண்மையைத் தொட்டது.

இதற்கு முன்பே, 1945இல், டெல்ஃப்டில் காய்ட்டர் தம் முனைவர் ஆய்வேட்டில் மீட்சிநிலைக்கான பொது விதியை நிறுவியிருந்தார்: சமச்சீராக, ஆனால் நிலையின்றி நெளியும் அமைப்பில், சுமைக் குறைவு கோணலின் 2/3 அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே கண்ணுக்குத் தெரியாத கோணலும் பெருமளவு வலிமையைப் பறிக்கும். கோட்பாட்டுச் சுமையில் பாதியைக்கூடத் தாங்காத மெல்லிய உருளைகளின் புதிர் இதனால் விளங்கியது. ஆய்வேடு டச்சு மொழியில் இருந்ததால் 1960களில்தான் பரவலாகப் படிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஹட்சின்சன் அந்தச் சிந்தனையை நெகிழ்நிலைக்குக் கொண்டுசென்றார்.

கோணலைக் கணக்கில் சேர்க்கும் வழி வடிவமைப்பு விதிகளிலும் இடம்பெற்றது: இந்திய எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பான ஐ.எஸ். 800:2007 தூண்களை நான்கு வகையாகப் பிரித்து, அவற்றுக்கு 0.21, 0.34, 0.49, 0.76 என்று குறைபாட்டுக் காரணிகளை விதித்திருக்கிறது.