சாமுவேலின் அழைப்பு

சாமுவேலின் அழைப்பு என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், 1 சாமுவேல் நூலின் 3ஆம் அதிகாரம் விவரிக்கும் நிகழ்வு. சீலோவின் திருத்தலத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலைக் கடவுள் பெயர் சொல்லி அழைக்கிறார். மூன்று முறை அவன் குரலை இனங்காணவில்லை. நான்காம் முறை செவிகொடுக்கிறான். கடவுளின் குரலைக் கேட்பது, அதற்குக் கீழ்ப்படிவது ஆகியவற்றுக்குக் கிறித்தவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பகுதிகளுள் இது ஒன்று.

பின்னணி

எல்க்கானாவின் மனைவியருள் ஒருவரான அன்னாள் நெடுங்காலம் குழந்தையின்றி இருந்தார். சீலோவில் அழுது வேண்டிப் பெற்ற மகனை, பால் மறக்கச் செய்ததும் அங்கேயே கொண்டுவந்து ஆசாரியர் ஏலியின் பொறுப்பில் விட்டார். ஏலியின் மகன்களான ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்களாக இருந்தும், மக்கள் படைக்க வந்த பலியிறைச்சியை மிரட்டிப் பறித்தனர். தந்தை கண்டித்தும் திருந்தவில்லை. கடவுளின் வாக்கு அரிதாகிப்போன காலம் அது என்று 3ஆம் அதிகாரம் தொடங்குகிறது.

எருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மேற்குக் கரையிலுள்ள கிர்பெத் சேலூன் என்ற தொல்மேடே சீலோ என அறியப்படுகிறது. 1981 முதல் 1984 வரை இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் தலைமையில் அங்கு நடந்த அகழாய்வில், கி.மு. 11ஆம் நூற்றாண்டில் அவ்வூர் தீக்கிரையானதற்கான தடயங்கள் கிடைத்தன.

நிகழ்வு

ஏலிக்குப் பார்வை மங்கியிருந்தது; ஆலய விளக்கு இன்னும் அணையவில்லை. குரல் கேட்டதும் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எண்ணிச் சாமுவேல் அவரிடம் ஓடினான். தாம் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்று அவர் அனுப்பிவிட்டார். மூன்றாம் முறையும் அவன் வந்து நின்றபோதுதான் கூப்பிடுபவர் யாரென்று ஏலிக்குப் புலப்பட்டது. மறுபடி குரல் வந்தால் என்ன மறுமொழி சொல்ல வேண்டும் என்பதை அவரே கற்றுக்கொடுத்தார்.

நான்காம் முறை பெயர் இருமுறை ஒலித்தது. ஆபிரகாமும் மோசேயும், புதிய ஏற்பாட்டில் தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் சவுலும் இவ்வாறே இருமுறை பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். சாமுவேல் பெற்ற முதல் செய்தி, குரலை அடையாளங்காட்டிய ஏலிக்கே எதிரானது. மகன்களின் குற்றம் தெரிந்தும் அவர்களை அடக்காததால் அவர் குடும்பத்தின்மீது தீர்ப்பு வரும் என்பதே அது.

விடியும்வரை படுத்திருந்த சிறுவன் எழுந்து ஆலயக் கதவுகளைத் திறந்தான். செய்தியைச் சொல்ல அஞ்சினான். ஏலி ஆணையிட்டு வற்புறுத்தவே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கடவுள் தமக்கு நலமாய்த் தோன்றுவதைச் செய்யட்டும் என்று ஏலி ஏற்றுக்கொண்டார். அடுத்த அதிகாரத்தில் பெலிஸ்தருடன் நடந்த போரில் மகன்கள் இருவரும் மாண்டனர். உடன்படிக்கைப் பெட்டி பறிபோனது. அதைக் கேட்டதும் 98 வயது ஏலி இருக்கையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தார்.

'கேட்டல்' என்ற சொல்

எபிரேய வினையான 'ஷாமா' காதால் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் ஒருங்கே குறிக்கும். ஏலியின் மகன்கள் தந்தை சொல்லைக் கேட்கவில்லை என்னும் இடத்திலும் (2:25), சாமுவேல் தான் கேட்பதாகச் சொல்லும் இடத்திலும் (3:10) வருவது இச்சொல்லே. பின்னாளில் சவுல் அரசரைக் கடிந்துகொண்டு, பலியைவிடக் கீழ்ப்படிதலே மேலானது என்று சாமுவேல் கூறியபோதும் (15:22) இதே வினைதான். தமிழிலும் 'சொன்னதைக் கேள்' என்றால் கீழ்ப்படி என்பதே பொருள். வேண்டிக் கேட்பதற்கு எபிரேயத்தில் 'ஷாஆல்' என்ற வேறு சொல் உண்டு. மகனுக்குப் பெயரிட்டபோது அன்னாள் தந்த விளக்கத்தில் அது வருகிறது. தாய் கேட்டதையும் மகன் கேட்டதையும் தமிழ் ஒரே வினையால் சொல்லிவிடுகிறது.

வயதும் ஓவியங்களும்

சாமுவேலைக் குறிக்கும் 'நஆர்' என்ற எபிரேயச் சொல் குழந்தைக்கும் இளைஞனுக்கும் பொருந்தும். அப்போது அவனுக்கு 12 வயது என்கிறார் முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ். ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1776 வாக்கில் சாமுவேலை மண்டியிட்ட சிறு குழந்தையாகத் தீட்டினார். ஜான் சிங்கிள்டன் கோப்ளி 1780இல் வரைந்தது, ஏலியிடம் தீர்ப்பைச் சொல்லும் காட்சியை.

கிறித்தவ மரபில்

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் 'தேவ அழைப்பு', 'ஊழிய அழைப்பு' என்றும் கத்தோலிக்கரிடையே 'இறை அழைத்தல்' என்றும் வழங்கும் கருத்துக்கு இந்நிகழ்வு ஒரு முன்மாதிரி. அழைக்கப்பட்டவர் தனியாக அழைப்பை உணர்ந்துகொள்ளவில்லை, மூத்தவர் ஒருவரின் துணை தேவைப்பட்டது என்பது இதில் முதன்மையானது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின், ஊழியர் உள்ளத்தில் உணரும் அழைப்பையும் திருச்சபை வெளிப்படையாகத் தரும் அழைப்பையும் வேறுபடுத்தினார். மூத்தவரின் அனுபவமும் பிழையின்மைக்கு உறுதியாகாது: பெத்லகேமில் ஈசாயின் மூத்த மகன் எலியாபைக் கண்டதும் இவரே அரசர் என்று முதிய சாமுவேல் எண்ணினார், தேர்ந்துகொள்ளப்பட்டவரோ கடைசி மகன் தாவீது.

15ஆம் நூற்றாண்டில் தாமஸ் அ கெம்பிஸ் இலத்தீனில் எழுதிய 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' நூலின் மூன்றாம் பாகத்து 2ஆம் அதிகாரம் சாமுவேலின் மறுமொழியோடு தொடங்குகிறது. கத்தோலிக்கத் திருவழிபாட்டில், மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், பொதுக்காலம் 2ஆம் ஞாயிறன்று இப்பகுதி வாசிக்கப்படுகிறது. திருமுழுக்கு யோவான் சுட்டிக்காட்ட, அவருடைய சீடர் இருவர் இயேசுவைப் பின்தொடரும் நற்செய்திப் பகுதி அதனுடன் சேர்கிறது.

கத்தோலிக்கக் குருப்பட்டச் சடங்கில் வேட்பாளர் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்; வந்திருப்பதாக மறுமொழி கூறி ஆயர்முன் நிற்கிறார். மக்களிடம் விசாரித்ததில் அவர் தகுதியானவர் என்று தெரிந்ததாகச் சான்று கூறப்பட்ட பிறகே சடங்கு தொடர்கிறது.