எண்ணியதை மீண்டும் எண்ணுதல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் போவோமானால், தறி ஓசைக்குப் பேர்போன பாலராமபுரத்தைக் கடந்து, நெய்யாற்றின்கரையை அடைகிறோம். அதற்கும் தெற்கே அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள். பாறசாலைக்கு அப்பால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. எல்லையைத் தாண்டியதனால் மண்ணோ மரமோ மாறிவிடுவதில்லை. இருபுறமும் தென்னையும் ரப்பரும் மரச்சீனியுமே கண்ணில் படுகின்றன. அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மற்றொரு மாநிலத்திலும் இருத்தல் இவ்வூர்களில் புதுமையன்று.

இந்த எல்லை 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வகுக்கப்பட்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. எந்த மொழி பேசுவோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை எல்லை வகுத்தோரின் முன் நின்ற பெரிய அளவுகோல்களுள் ஒன்று. ஆகவே எண்ணிக்கை என்பது இவ்வூர் மக்களுக்கு வெறும் கணக்கன்று; அது அவர்கள் வாழ்வைத் தொட்ட ஒன்று.

நிற்க. பஞ்சாயத்துத் தேர்தலில் எண்ணிக்கையின் மதிப்பு இன்னும் நெருங்கிப் புலப்படும். ஒரு வார்டின் வாக்காளர் தொகை சிறியது. ஓரிரு வாக்குகளில் வெற்றி தோல்வி தீர்வதுண்டு. வாக்குகள் சமமாகிவிட்டால் திருவுளச்சீட்டே முடிவு கூறும். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவிற்கு முதலில் வரும் என்பதும் அந்த ஓரிரு வாக்குகளைப் பொறுத்திருக்கலாம். அத்தகைய இடத்தில் தோற்றவர் மனத்தில் ஐயம் எழுதல் இயல்பே. அந்த ஐயத்தை எங்கே, எப்பொழுது, எவ்வாறு கூறுவது என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்புவது.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பதிவான வாக்குகளை மீண்டும் எண்ணுவது மறு எண்ணிக்கை. வாக்காளரே மீண்டும் வந்து வாக்களிப்பது மறு வாக்குப்பதிவு. எண்ணியதும் எழுதியதும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்ப்பது தணிக்கை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, வேண்டியது ஒன்றிருக்க வேறொன்றைக் கேட்டு ஏமாறுவோர் பலர்.

தணிக்கை நமக்குப் புதியதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தக சோழனின் ஆட்சியில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையை விரிக்கும் அவை ஒரு நுட்பமான விதியையும் கூறுகின்றன. சிறுவன் குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்த ஓலையை அங்குள்ள நம்பிமார் அனைவரும் படிக்க வேண்டும். மறைத்து வைத்த ஓலையை மாற்ற இயலாதபடி கையை விரிக்கச் செய்தார்கள். ஒருவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் பலர் கண்ணையும் சாட்சியாக்கினார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்றும் விதித்தார்கள். இன்று கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் தேர்தல் செலவுக் கணக்கை முப்பது நாட்களுக்குள் கேட்கிறது. தராதவர் தகுதியிழக்க நேரிடும். ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் கருத்து ஒன்றே.

இக்கால முறையைக் காண்போம். 2020, 2025ஆம் ஆண்டுத் தேர்தல்களில் கேரளக் கிராமங்களில் ஒரே வாக்காளர் மூன்று பெட்டிகளில் பொத்தானை அழுத்தினார். கிராமப் பஞ்சாயத்திற்கு வெள்ளை, பிளாக் பஞ்சாயத்திற்கு இளஞ்சிவப்பு, ஜில்லாப் பஞ்சாயத்திற்கு நீலம் என நிறங்கள் குறிக்கப்பட்டிருந்தன. சட்டமன்றத் தேர்தலில் காணும் காகிதச் சீட்டுக் கருவி இங்கே இணைக்கப்படவில்லை. எனவே இயந்திரத்தை மீண்டும் கேட்டால் அது முன்பு கூறிய எண்ணையே கூறும். தணிக்கைக்கு உயிர்நாடியாவது வாக்குச்சாவடி அதிகாரி எழுதும் கணக்கே. எத்தனை வாக்குப் பதிவாயிற்று, முத்திரைகளின் எண்கள் யாவை என்ற விவரங்கள் அதில் உள்ளன. முகவர் அதன் பிரதியை வாங்கி வைத்திருந்தால், எண்ணும் மேசையில் இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிடலாம். பிரதி இல்லாதவரின் ஐயத்திற்குப் பிடிமானம் குறைவு.

மறு எண்ணிக்கை கேட்பதற்கும் ஒரு வேளை உண்டு. வாக்கு விவரம் படிக்கப்பட்ட பின்னர், வெற்றி பிரகடனம் செய்யப்படுவதற்கு முன்னர், காரணம் காட்டி எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வேளை தவறினால் நீதிமன்றமே கதி. அங்கும் வெறும் சந்தேகம் போதாது. வாக்குச் சீட்டுகளைப் பார்வையிடும் அனுமதி கேட்டவர்க்கெல்லாம் கிடைப்பதன்று, குறிப்பான நிகழ்ச்சிகளை மனுவில் கூற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் ராம் சேவக் யாதவ் வழக்கில் வகுத்தது.

கேரளமே இதற்கோர் பாடம் தந்தது. 1982ஆம் ஆண்டு எர்ணாகுளம் ஜில்லாவின் பரவூர்த் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் இந்தியாவிலேயே முதன்முறையாக வாக்குப்பதிவு இயந்திரம் வைக்கப்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்குகளில் வென்றார். தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்காடினார். இயந்திரம் தவறாக எண்ணிற்று என்று உச்ச நீதிமன்றம் கூறவில்லை. அதைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்றே 1984இல் தீர்த்தது. அந்த ஐம்பது சாவடிகளிலும் மறு வாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் வென்றார். பின்னரே சட்டம் திருத்தப்பட்டது.

மற்றொன்று கன்னியாகுமரி ஜில்லாவை அடுத்த இராதாபுரத்தில் நிகழ்ந்தது. 2016இல் மு. அப்பாவு 49 வாக்குகளில் ஐ. எஸ். இன்பதுரையிடம் தோற்றார். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டதனால் தள்ளப்பட்ட தபால் வாக்குகள் வழக்கின் மையமாயின. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி அவையும் சில சுற்று வாக்குகளும் மீண்டும் எண்ணப்பட்டன. ஆயினும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. உரிமை இருந்தும் காலம் கைகொடாமற் போயிற்று.

எல்லைக் கிராமத்தார்க்கு இது பெரிதும் பொருந்தும். பாறசாலைப் பஞ்சாயத்தில் தோற்றவர் முடிவு அறிவித்த முப்பது நாட்களுக்குள் முன்சீப் கோர்ட்டில் தேர்தல் மனுவைத் தர வேண்டும். சாலையைக் கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் போட்டியிட்டவர்க்குத் தவணை நாற்பத்தைந்து நாள். செல்ல வேண்டியது ஜில்லா நீதிமன்றம். உறவினர் சொன்ன கணக்கை நம்பி இப்புறத்தார் நாற்பதாம் நாள் மனுவோடு சென்றால் கதவு அடைபட்டிருக்கும்.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்கள் தம் புதிய ஊரின் உள்ளாட்சித் தேர்தலில் பங்கு கொள்ளும்போதும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அம்மாநிலத்தின் தவணை எத்தனை நாள், மனு எந்த நீதிமன்றத்திற்கு என்பதைத் தேர்தலுக்கு முன்பே கேட்டறிக. சாவடியில் அமரும் முகவரிடம் கணக்கின் பிரதியை மறவாமல் வாங்கச் சொல்லுக. ஐயத்தைத் தெருவில் கூவினால் அயலாரோடு பகை வளரும். தாளில் எழுதி உரிய நாளில் தந்தால் அதற்கு விடை கூறியே ஆக வேண்டும். வென்றவரும் அதனை அவமதிப்பாகக் கருதலாகாது. உத்தரமேரூர் மத்தியஸ்தன் கையை விரித்துக் காட்டியது தன்னைக் கள்வன் என்று எவரும் சொன்னதனாலன்று. பார்ப்பவர் அனைவரும் ஐயமின்றி வீடு திரும்ப வேண்டும் என்பதனாலேயே.