கப்பலை நிறுத்தக் கற்றதும் கடலடியைப் படிக்கக் கற்றதும்: ஆழ்கடல் ஆய்வுத் துளையிடலின் வளர்ச்சி, 1961–2024

ஆழ்கடல் துளையிடலின் வரலாறு பெரும்பாலும் அது தந்த முடிவுகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்த முடிவுகளுக்கு முன்னால் மூன்று பொறியியல் சிக்கல்கள் நின்றன. நங்கூரத்தை நம்ப முடியாத ஆழத்தில் கப்பலை ஓரிடத்தில் நிறுத்துவது எப்படி? தேய்ந்த துளைமுனையை மாற்றியபின் அதே துளைக்குள் மீண்டும் இறங்குவது எப்படி? இளகிய வண்டலைக் கலங்காமல் மேலே கொண்டுவருவது எப்படி? இவை ஒவ்வொன்றாகத் தீர்ந்த பிறகே புவியியலாளர்களால் புதிய கேள்விகளைக் கேட்க முடிந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் சிக்கல், நிறைவேறாமல் போன ஒரு திட்டத்தில் தீர்ந்தது. வால்டர் மங்க், ஹாரி ஹெஸ் முதலியோர் 1957இல் முன்வைத்த மோஹோல் திட்டம், புவி மேலோட்டைத் துளைத்து அதன் அடியிலுள்ள கவசத்தின் மாதிரியை எடுக்க விரும்பியது. கண்டங்களில் மேலோட்டின் தடிமன் 30 கிலோமீட்டருக்கும் மேல். கடலடியில் ஆறேழு கிலோமீட்டர்தான். அதனால் கடலைத் தேர்ந்தார்கள். 1961 மார்ச், ஏப்ரலில் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே, மூன்றரைக் கிலோமீட்டர் ஆழ நீரில் கஸ்-1 என்ற கலம் துளையிட்டது. சுற்றிலும் மிதவைகளை நிறுத்தி, அவற்றைக் கொண்டு தன் இடத்தைக் கணித்து, நான்கு உந்துபொறிகளால் அசையாமல் நின்றது. எட்டிய ஆழம் கடலடிக்குக் கீழே 183 மீட்டர். அதில் கடைசி 13 மீட்டர் பசால்ட் பாறை. செலவு ஏறிக்கொண்டே போக, 1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. இத்திட்டத்தைத் தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆழ்கடல் எண்ணெய்த் துரப்பணக் கப்பல்கள் இன்று நம்பியிருக்கும் நிலைநிறுத்தும் முறை அங்கேதான் சோதிக்கப்பட்டது.

அந்த முறையோடு 1968இல் புறப்பட்ட ஆய்வுக் கப்பல் குளோமர் சேலஞ்சர். அதன் மூன்றாம் பயணம் செனகலின் டக்காரிலிருந்து பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கு. கடல்தரை நடுக்கடல் மலைத்தொடரில் பிறந்து இருபுறமும் விலகுகிறது என்பதற்குக் காந்தப் பட்டைகளை 1963இலேயே வைனும் மாத்யூசும் சான்றாகக் காட்டியிருந்தார்கள். ஆனால் அது பாறையைத் தொடாமல், நீர்ப்பரப்பில் அளந்து பெற்ற சான்று. தென் அட்லாண்டிக்கில் மலைத்தொடரின் இருபுறமும் வெவ்வேறு தொலைவுகளில் துளையிட்டு, பசால்ட்டின்மேல் முதலில் படிந்த வண்டலின் வயதை நுண்ணுயிர்ப் புதைபடிவங்களால் கணித்தார்கள். மலைத்தொடரிலிருந்து விலக விலக வயது சீராகக் கூடியது. ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. விரிவு. காந்தமும் புதைபடிவமும் ஒன்றையொன்று சாராத கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டியதே இச்சான்றின் வலிமை. அதன்பின் புவித்தட்டுக் கொள்கையை மறுப்பது கடினமாயிற்று.

அட்லாண்டிக்கில் சக்கிமுக்கிக் கல் அடுக்குகள் துளைமுனைகளைத் தேய்த்தன. முனை தேய்ந்தால் துளையையே கைவிட வேண்டியிருந்தது. 1970இல் கடலடியில் ஒரு கூம்பை இறக்கி, ஒலியலைகளால் அதைத் தேடி, குழாயை அதனுள் செலுத்தும் முறை வெற்றி கண்டது. கிழக்குப் பசிபிக்கின் 504பி துளைக்கு 1979 முதல் 1993 வரை திரும்பத் திரும்பச் சென்று 2,111 மீட்டர் ஆழம் எட்ட முடிந்தது இதனால்தான். அதே 1970இல் மத்தியதரைக் கடலடியில் ஜிப்சமும் உப்பும் கிடைத்தன. ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அக்கடல் வற்றியது என்றனர் கென்னத் ஷூ முதலியோர். முழுதும் வற்றியதா, உவர்ப்பு மட்டும் ஏறியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

மூன்றாவது தீர்வு குறைவாகவே பேசப்படுகிறது. எனக்கோ அதுவே மிக முக்கியமாகப் படுகிறது. சுழலும் முனை மென்மையான வண்டலைக் குழப்பிவிடும். 1979இல் பயன்பாட்டுக்கு வந்த நீரழுத்த உந்துகுழாய் சுழலாமல் ஒரே வீச்சில் இறங்கி, அடுக்கு குலையாமல் வண்டலை எடுத்தது. தட்டு நகர்வின் காலஅளவு கோடிக்கணக்கான ஆண்டுகள். பருவநிலைக்கோ ஆயிரமாண்டு நுணுக்கம் வேண்டும். உந்துகுழாய் இல்லாமல் கடல் வண்டலில் அந்த நுணுக்கம் கைகூடியிராது. 1985இல் பணிக்கு வந்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் 2014-15இல் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் பருவமழையின் பழைய பதிவுகளைத் தேடியது.

அதே கப்பல் 2016 ஆகஸ்டில் கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சுமத்ரா அருகே துளையிட்டது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் பிளவு எதிர்பார்த்ததைவிடக் கடலடிக்கு மிக நெருக்கமாக மேலேறியது ஏன் என்பது கேள்வி. ஆழத்தின் வெப்பத்தில் அங்குள்ள கனத்த வண்டல், தட்டுக்கு அடியில் புகுவதற்கு முன்பே கனிமங்களிலிருந்த நீரை இழந்து இறுகிவிட்டது என்று 2017இல் ஆய்வாளர்கள் விளக்கினர். அந்த வண்டலில் பெரும்பகுதி இமயமலையிலிருந்து கரைந்து வந்தது. நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் அழித்த அலைக்கான காரணத்தில் ஒரு பகுதி இமயத்து மண்ணில் இருக்கிறது.

ஜாய்டிஸ் ரெசல்யூஷன் 2024இல் ஓய்வு பெற்றது. அமெரிக்கா அதற்கு ஈடான கப்பலை ஆயத்தம் செய்யாமலே அதை நிறுத்தியது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன். அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் மங் சியாங் கப்பல் பணியில் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் எடுத்த வண்டல் உருளைகள் ஜப்பானின் கோச்சி நகரக் காப்பகத்தில் குளிரூட்டி வைக்கப்பட்டுள்ளன. ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து மாதிரி கேட்டு விண்ணப்பிக்கலாம்; நம் பல்கலைக்கழகப் புவியியல் துறைகளும் விண்ணப்பிக்க வேண்டும்.